லைட் எரியும் எஸ்எஸ்டி மதுரை வெயிலைத் தாங்குமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்தில் சின்ன ஸ்டுடியோ, கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. புது டெஸ்க்டாப் அசெம்பிள் செய்கிறீர்கள், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட். டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் 1 டிபி எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே சொருகும் பட்டை வடிவ டிரைவ்) இரண்டு காட்டியிருக்கிறார்கள். ஒன்று சாதாரணம், இன்னொன்று மேலே ஆர்ஜிபி லைட் ஓடுவது. லைட் உள்ளதற்கு 1,800 ரூபாய் கூட. ஸ்டுடியோவில் ஏசி இல்லை, மேலே ஷீட் கூரை. "சூட்டில் ஸ்லோ ஆகிவிடுமா, லைட்டால் டிரைவ் சீக்கிரம் போய்விடுமா, வாங்கலாமா" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஒரே வரி என்றாலும் அதற்குள் மூன்று கேள்வி இருக்கிறது: டிரைவ் நல்லதா, லைட் அதற்குக் கெடுதலா, அந்த 1,800 ரூபாய்க்கு லைட் தகுமா. மூன்றையும் கலந்து பார்ப்பதால்தான் கடையில் குழம்பிவிடுகிறோம்.

முதல் கேள்விக்கு வழி, லைட்டை அணைத்துவிட்டதாக மனதில் வைத்துக்கொண்டு டிரைவைப் பார்ப்பது. லைட் உள்ள டிரைவ் என்று தனி ரகம் கிடையாது. உள்ளே ஒரு கண்ட்ரோலர் சிப், டேட்டாவைத் தாங்கும் என்ஏஎன்டி சிப்கள், சிலவற்றில், எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்துக்கொள்ள ஒரு டிராம் சிப். அதன் மேல் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் என்ற உலோகத் தகடு, அதற்கும் மேல் எல்இடி வரிசையும் அதை மூடிய பால் நிறப் பிளாஸ்டிக்கும். அவ்வளவுதான். எக்ஸ்பிஜி ஸ்பெக்ட்ரிக்ஸ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்40ஜி, எஸ்20ஜி இரண்டிலும் லைட் உண்டு. ஆனால் எஸ்40ஜி வினாடிக்கு 3,500 மெகாபைட் வரை படிக்கும், எஸ்20ஜி 2,500 வரைதான். எஸ்40ஜியில் டிராம் இருக்கிறது, எஸ்20ஜியில் இல்லை. கண்ணாடி வழியாகப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஜொலிக்கும். வேலை செய்கிறவருக்கு இரண்டும் வேறு வேறு சாமான். இன்னொரு பக்கம், 2020-இல் வந்த டபிள்யூடி பிளாக் எஸ்என்850-இன் ஹீட்சிங்க் மாடலில் ஓரமாக ஒரு லைட் பட்டை உண்டு. உள்ளே இருப்பது லைட் இல்லாத எஸ்என்850 என்ன டிரைவோ அதேதான்: 1 டிபிக்கு வினாடிக்கு 7,000 மெகாபைட் படிப்பு, 5,300 எழுத்து, 600 டிபிடபிள்யூ (மொத்த எழுத்து வரம்பு, கீழே சொல்கிறேன்). ஆகவே "ஆர்ஜிபி எஸ்எஸ்டி எப்படி" என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. கடைக்காரர் காட்டிய மாடலின் முழுப் பெயர் வேண்டும்.

பெயர் கிடைத்ததும் ஸ்பெக் தாளில் நான்கு விஷயம் பாருங்கள். என்ஏஎன்டி ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சியா, நான்கு பிட் வைக்கும் கியூஎல்சியா, டிராம் இருக்கிறதா, இல்லை கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கும் ஹெச்எம்பி வகையா, டிபிடபிள்யூ எவ்வளவு, வாரண்டி மூன்று வருடமா ஐந்தா. டிபிடபிள்யூ என்பது வாரண்டிக் காலத்துக்குள் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற வரம்பு. வருடமும் டிபிடபிள்யூவும் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடியும். வீட்டு உபயோகத்துக்கு இந்த எண் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வீடியோ வேலைக்குக் கணக்குப் போட்டே ஆக வேண்டும், கீழே போடுகிறேன். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வேகத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது எஸ்எல்சி கேஷ் என்ற தற்காலிக வேகப் பகுதிக்குள் எழுதும்போது கிடைக்கும் வேகம். அந்தப் பகுதி நிரம்பியதும் டிஎல்சி டிரைவ் பாதிக்கோ மூன்றில் ஒன்றுக்கோ இறங்கும். மலிவான கியூஎல்சி டிரைவ் சில சமயம் பழைய ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே போய்விடும். லைட் மாடலில் கியூஎல்சியைப் போட்டு விலையை ஒப்பேற்றியிருக்கிறார்களா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது உங்கள் மதர்போர்டு. எது என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். டிரைவும் போர்டும் பேசும் பாதைக்குப் பிசிஐஇ என்று பெயர், 3.0, 4.0 என்பது அதன் தலைமுறை. ஹெச்610 போர்டில் எம்.2 ஸ்லாட் பிசிஐஇ 3.0-தான். அதில் 7,000 வேக டிரைவைப் போட்டாலும் 3,500 பக்கம்தான் ஓடும். ஏ520, பி450 இரண்டும் அப்படியே. பி550 போர்டில் ப்ராசஸருக்குப் பக்கத்து ஸ்லாட் 4.0, ஆனால் ப்ராசஸர் 5600ஜி என்றால் அதுவும் 3.0 ஆகிவிடும், ஏனென்றால் அந்தச் சிப்பில் 4.0 கிடையாது. பி660 போர்டில் ப்ராசஸரோடு நேரடியாக இணைந்த ஸ்லாட் 4.0. ஆக, 3.0 போர்டு என்றால் 4.0 டிரைவுக்குக் கொடுக்கும் கூடுதல் காசும், அதற்கு மேல் லைட்டுக்குக் கொடுக்கும் காசும் சேர்ந்தே வீண். இதைக் கடைக்காரர் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது உங்கள் வேலையின் கணக்கு. 4கே கேமரா 100 மெகாபிட்டில் பதிவு செய்கிறது என்றால் வினாடிக்கு 12.5 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ரிசப்ஷன் முகூர்த்தம் சேர்த்து ஆளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 540 ஜிபி. 1 டிபி என்று எழுதியிருக்கும் டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். அதில் விண்டோஸ், எடிட்டிங் சாஃப்ட்வேர், அதன் கேஷ் போக ஒரே ஒரு கல்யாணம்தான் நிம்மதியாக உட்காரும். வைகாசியில் ஒரே வாரம் மூன்று முகூர்த்தம் விழுந்தால் டிரைவ் நிரம்பிவிடும். நிரம்பிய எஸ்எஸ்டியில் எஸ்எல்சி கேஷுக்கு இடம் குறைந்து வேகமும் குறையும். நீங்கள் ஸ்லோ ஆகிவிடுமோ என்று பயப்படுவது சூட்டை வைத்து. உங்கள் வேலையில் ஸ்லோ ஆவதற்கு முதல் காரணம் இடம் போதாமையாகத்தான் இருக்கும். எழுத்துக் கணக்கும் பாருங்கள்: ஒரு கல்யாணத்துக்குக் கேஷ், ரெண்டர், எக்ஸ்போர்ட் எல்லாம் சேர்த்து 800 ஜிபி எழுதுகிறீர்கள் என்றால் 600 டிபிடபிள்யூ டிரைவ் 750 கல்யாணம் தாங்கும், 320 உள்ளது 400. வருடத்துக்கு 60 கல்யாணம் செய்தாலும் ஐந்து வருடத்துக்கு 300. டிபிடபிள்யூ பக்கம் பயமில்லை.

இதே கணக்கு சூட்டைப் பற்றியும் ஒன்று சொல்கிறது. கேமரா கார்டிலிருந்து காப்பி செய்யும்போது எஸ்எஸ்டி வியர்ப்பதே இல்லை. சாதாரண யுஹெச்எஸ்-1 கார்டின் உச்ச வரம்பே வினாடிக்கு 104 மெகாபைட், கையில் கிடைப்பது 90 சொச்சம். 3,000 வேகத்தில் எழுதக்கூடிய டிரைவுக்கு அது உட்கார்ந்து பூக்கட்டுகிற மாதிரி வேலை. எக்ஸ்போர்ட் செய்யும்போதும் தாமதம் ப்ராசஸரிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோதான், டிரைவில் இல்லை. டிரைவ் உண்மையிலேயே கொதிப்பது இரண்டு சமயம். ஒரு என்விஎம்இ டிரைவிலிருந்து (பிசிஐஇ வழி ஓடும் இந்த வேக வகை) இன்னொரு என்விஎம்இக்கு நூற்றுக்கணக்கான ஜிபியைத் தள்ளும்போது. இன்னொன்று, இது பலர் கவனிக்காதது, இரண்டு மணி நேர எக்ஸ்போர்ட்டில் கிராஃபிக்ஸ் கார்டு கக்கும் அனலில் பக்கத்து ஸ்லாட்டில் சும்மா கிடக்கும் டிரைவும் சேர்ந்து வேகும்போது.

லைட் எவ்வளவு சூடு சேர்க்கும்? கேபினெட் பட்டைகளில் வரும் டபிள்யூஎஸ்2812பி வகை எல்இடி ஒன்று, முழு வெள்ளையில் 5 வோல்ட்டில் அதிகபட்சம் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும், அதாவது 0.3 வாட். எட்டு இருந்தால் 2.4 வாட். இது உச்ச வரம்பு. எம்.2 டிரைவில் வைக்கும் பொடி எல்இடிகள் இதைவிடக் குறைவாகவே எடுக்கும், வானவில் நிறம் ஓடும்போது இன்னும் குறையும். ஒரு நடுத்தர டிரைவ் முழு வேகத்தில் எழுதும்போது 5 முதல் 8 வாட், சும்மா இருக்கும்போது 1 வாட்டுக்கும் கீழே. இதை வைத்துப் பார்த்தால் எழுதும் நேரத்தில் லைட்டின் பங்கு சின்னது. சும்மா இருக்கும் நேரத்தில்தான் விகிதத்தில் பெரிதாகத் தெரியும், ஆனால் அப்போது டிரைவ் எப்படியும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். எல்இடியின் வாட்டைவிட நான் கவலைப்படுவது அதன் மேல் மூடியிருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றி. அக்ரிலிக் கடத்தும் வெப்பத்தைவிட அலுமினியம் கடத்துவது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. ஹீட்சிங்க்கின் மேல் முகம்தான் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கும் இடம். அந்த முகம் முழுக்கப் பிளாஸ்டிக் போர்வை போர்த்தினால் பக்கவாட்டு விளிம்பு மட்டும்தான் மிச்சம். எஸ்என்850 மாதிரி லைட்டை ஓரமாக ஒரு கோடாக வைத்து, நடுவே வரிவரியாக உலோகம் தெரிய விட்டால் பிரச்சினை குறைவு. கடையில் டிரைவைக் கையில் வாங்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்: விரலால் மேலே தடவினால் எத்தனை பங்கு உலோகம், எத்தனை பங்கு பிளாஸ்டிக்? பாதிக்கு மேல் பிளாஸ்டிக் என்றால் உங்கள் ஷீட் கூரை அறைக்கு அது வேண்டாம். கையில் இருக்கும்போதே திருப்பியும் பாருங்கள். அடிப்பக்கமும் சிப் இருந்தால் அந்தச் சிப்புக்கு மேலே இருக்கும் தகடால் பெரிய பயனில்லை.

நம் ஊர் வெயிலைச் சேர்த்து ஒரு கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 39, 40 என்றால் ஷீட் கூரைக்குக் கீழே மதியம் அதற்கு மேலும் போகும். 40 என்றே வைத்துக்கொள்வோம். கண்ணாடி கேபினெட்டுக்குள் ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஓடும்போது காற்று இன்னும் 5 முதல் 10 டிகிரி கூடும், ஆக 45, 50. ஹீட்சிங்க் இல்லாத டிரைவ் தொடர்ந்து எழுதும்போது சுற்றியுள்ள காற்றைவிட 35, 40 டிகிரி ஏறுவது சாதாரணம். கூட்டினால் 80-ஐத் தாண்டும். பெரும்பாலான கண்ட்ரோலர்கள் 70-க்கும் 85-க்கும் நடுவே எங்கோ தானாக வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். இது கோளாறு இல்லை, பாதுகாப்பு. நல்ல ஹீட்சிங்க்கும் முன்பக்கம் ஒரு இன்டேக் ஃபேனும் இருந்தால் அதிலிருந்து 10, 15 டிகிரி குறையும். வெளிநாட்டு ரிவ்யூக்களில் 22 டிகிரி அறையில் எடுத்த எண்ணைப் பார்த்து "62 டிகிரிதான், பரவாயில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். அறையின் வித்தியாசத்தை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள்: 22-இல் 62 என்றால் 40-இல் 80. இது தோராயக் கணக்குதான், ஆனாலும் முடிவெடுக்கப் போதும்.

இதை நீங்களே ஒரு மதியத்தில் சோதித்துப் பார்க்கலாம், ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் செய்யுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டு, சென்சார் பக்கத்தில் டிரைவ் டெம்பரேச்சரைப் பதிவு செய்ய விடுங்கள். சுவரில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து அறைச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். லைட்டை முழு வெள்ளையில் நிறுத்தி, இன்னொரு வேகமான டிரைவிலிருந்து 200 ஜிபி வீடியோ ஃபைல்களைக் காப்பி செய்யுங்கள். வேகமான இன்னொரு டிரைவ் இல்லையென்றால் அதே டிரைவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்யலாம். பிறகு அந்த 200 ஜிபியை அழித்து, அரை மணி நேரம் ஆற விட்டு, லைட்டை அணைத்து அதையே மறுபடி செய்யுங்கள். இரண்டு தடவையும் காப்பி பெட்டியில் ஓடும் பச்சை வரைபடத்தைக் கவனியுங்கள், அதன் வடிவமே கதை சொல்லும். ஒரு கட்டத்தில் வேகம் படியிறங்குவது போல் சட்டென்று இறங்கி, அதே மட்டத்தில் நேராகப் போனால், அந்த நேரத்துச் சூடு 60, 65 என்று இருந்தால், அது கேஷ் நிரம்பியது. வெப்பத்துக்கும் லைட்டுக்கும் சம்பந்தமில்லை. வேகம் இறங்கி, சில வினாடியில் ஏறி, மறுபடி இறங்கி, ரம்பப் பல் மாதிரி ஓடினால், சூடும் ஒரே எண்ணில் முட்டிக்கொண்டு நின்றால், அது சூட்டால் வந்த குறைப்பு. முடிந்ததும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறங்கள். சில டிரைவ்கள், எச்சரிக்கை வெப்பநிலையைத் தாண்டி எத்தனை நிமிடம் ஓடின என்ற கணக்கை, டிரைவ் தன் நிலையைக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் வைத்திருக்கும். அந்த எண் பூஜ்யத்திலிருந்து நகர்ந்திருந்தால் உங்கள் கேபினெட்டில் காற்று போதவில்லை. லைட் எரிந்ததற்கும் அணைந்ததற்கும் வித்தியாசம் 2, 3 டிகிரிக்குள் என்றால் லைட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். 6, 7 டிகிரி என்றால் அந்த டிசைனே சரியில்லை, திருப்பிக் கொடுங்கள்.

"லைட்டால் டிரைவ் சீக்கிரம் போய்விடுமா" என்பதில் உறுதியானதும் உறுதியில்லாததும் கலந்து கிடக்கிறது. வெளிச்சம் பட்டு டேட்டா அழியும் என்று சிலர் சொல்வது தவறு. பழைய இபிராம் சிப்களுக்கு மேலே ஒரு குவார்ட்ஸ் ஜன்னல் வைத்திருப்பார்கள், அதன் வழியே புற ஊதாக் கதிர் காட்டினால் அழியும். அந்த நினைவு இப்படித் திரிந்து வந்திருக்கலாம். இன்றைய என்ஏஎன்டி கறுப்பு எபாக்சிக்குள் மூடிக் கிடக்கிறது, கலர் எல்இடி அதை ஒன்றும் செய்யாது. லைட் சேர்க்கும் ஓரிரு டிகிரியால் இத்தனை மாதம் ஆயுள் குறையும் என்று யாராவது எண் சொன்னால் நம்ப வேண்டாம், அப்படி வரையறுத்துச் சொல்ல இடமில்லை. உறுதியாகத் தெரிந்தது வேறொன்று. எஸ்எஸ்டிகளின் தாங்குதிறனுக்கு ஜெடெக் அமைப்பு வைத்திருக்கும் ஜெஎஸ்டி218 என்ற தரத்தில், வீட்டு, ஆபீஸ் டிரைவ்கள் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் 40 டிகிரியில் ஓட வேண்டும், எழுத்து வரம்பை எட்டிய பிறகும், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் டேட்டாவை வைத்திருக்க வேண்டும். அதே தரத்தின் அட்டவணையில் விசித்திரமாகத் தோன்றும் ஒரு விஷயம் உண்டு: எழுதும்போது சூடாக இருந்தால் டேட்டா அதிக நாள் நிற்கும், அணைந்து கிடக்கும்போது சூடாக இருந்தால் சீக்கிரம் கசியும். அதாவது என்ஏஎன்டிக்கு எதிரி ஓடும்போது வரும் சூடு இல்லை, கிடக்கும்போது படும் சூடு. கண்ட்ரோலருக்குத்தான் ஓடும் சூடு ஆகாது. இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை என்று சிஸ்டத்தை அணைத்துப் போடுவீர்கள். புது டிரைவுக்கு ஒரு மாதம் ஒன்றும் செய்யாது. ஆனால் நான்கைந்து வருடம் நிறைய எழுதித் தேய்ந்த பழைய எஸ்எஸ்டியில் வாடிக்கையாளர்களின் வீடியோவை ஏற்றி, ஷீட் கூரை அறை அலமாரியில் கோடை முழுக்க வைத்துவிடாதீர்கள். வெகுநாள் வைக்க வேண்டியதை ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு பிரதியாக வையுங்கள்.

லைட் பக்கத்துத் தொல்லைகளையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எம்.2 டிரைவின் லைட்டுக்கு ஸ்லாட்டிலிருந்தே 3.3 வோல்ட் வருகிறது, வயர் வேண்டாம். நிறம் மாற்ற அந்தக் கம்பெனியின் மென்பொருள் வேண்டும், பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும். அது ஏறும்வரை டிரைவ் தன் இஷ்டத்துக்கு வானவில் ஓட்டும். இப்படிப்பட்ட ஆர்ஜிபி மென்பொருள்கள் பலவற்றோடு வரும் இஎன்இ.சிஸ் என்ற பழைய டிரைவர் ஃபைல் இருந்தால் விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை ஆன் செய்ய விடாது. லைட்டுக்காகப் பாதுகாப்பை அணைப்பது சரியான பேரம் இல்லை. புது வெர்ஷன் டிரைவர் கிடைக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மென்பொருளையே எடுத்துவிட்டு வானவில்லோடு இருங்கள். கடையில் வயரில் இணையும் 2.5 இன்ச் சாட்டா வகையில் லைட் உள்ளதைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேகம் 550-ஐத் தாண்டாது, லைட்டுக்குத் தனி வயர், கண்ணாடி கேபினெட்டில் சாட்டா டிரைவ் பெரும்பாலும் போர்டுக்குப் பின்னால் ஒளிந்துதான் உட்காரும். அந்த வயரை எங்கே சொருகுகிறோம் என்பதிலும் ஆபத்து இருக்கிறது. போர்டில் 12 வோல்ட் நான்கு பின் இடமும், 5 வோல்ட் மூன்று பின் இடமும் தனித்தனி. 5 வோல்ட் சாமானை 12 வோல்ட்டில் மாட்டினால் எல்இடி அந்த நொடியே எரிந்துபோகும். கனெக்டர் சேரவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். பின் எண்ணிக்கை பொருந்தாதது உங்களைக் காப்பாற்றத்தான்.

வாரண்டியில் ஒரு சிக்கல் உண்டு. லைட் உள்ள டிரைவில் ஹீட்சிங்க் ஒட்டியே வரும். போர்டின் தகடு இதற்கு மேல் உட்காராது, இரண்டில் ஒன்றைக் கழற்ற வேண்டும். டிரைவின் தகட்டைப் பிரித்தால் பல கம்பெனிகள் வாரண்டி தர மறுக்கும், ஆகவே போர்டின் தகட்டைத்தான் கழற்ற வேண்டும். எஸ்40ஜி மாதிரி 8 மில்லிமீட்டர் உயரம் உள்ளவை, கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே வரும் ஸ்லாட்டில் இடிக்கும். இடிக்காவிட்டாலும் அங்கே கார்டு மறைத்துவிடும், லைட்டும் தெரியாது, காற்றும் போகாது. பில்லில் டிரைவின் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கட்டும், ஜிஎஸ்டி பில்லாக இருக்கட்டும், லைட் மட்டும் போனால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு அதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஓடிய மணி நேரமும் மொத்த எழுத்தும் பாருங்கள். புதியது என்றால் இரண்டும் பூஜ்யத்துக்கு ஒட்டியே இருக்கும். விலை சந்தேகத்துக்கு இடமாக மலிவாக இருந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளைப் போட்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். ஒரு முழுச் சோதனை ஒரு டிரைவ் எழுத்து, 600 டிபிடபிள்யூவில் அது ஒன்றுமில்லை.

மூன்றாவது கேள்வி, 1,800 ரூபாய். ஸ்டுடியோவுக்கு ஆல்பம் பார்க்க வரும் குடும்பம் அந்தக் கண்ணாடிக்குள் ஓடும் லைட்டைப் பார்க்கத்தான் போகிறது, அது உங்கள் கடையின் முகம். அழகு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் லைட்டை டிரைவின் தலையில் வைக்க அவசியமில்லை. டிஎல்சியும் டிராமும் உள்ள சாதாரண 1 டிபி டிரைவை எடுங்கள், போர்டின் ஹீட்சிங்க்குக்குக் கீழே போடுங்கள், 5 வோல்ட் மூன்று பின் லைட் பட்டை ஒன்றைக் கேபினெட்டின் மேல் விளிம்பில் ஒட்டுங்கள். டிரைவ் லைட்டைவிட அது பத்து மடங்கு தெரியும், போனால் தனியாக மாற்றலாம். மிச்சக் காசை 2 டிபி நோக்கியோ, 600 விஏ யுபிஎஸ் நோக்கியோ திருப்புங்கள். சாதாரண எஸ்எஸ்டியில் கரண்ட் போகும் கணம் டிராமில் இருப்பதைக் காப்பாற்றக் கெப்பாசிட்டர் கிடையாது, எக்ஸ்போர்ட் நடுவே கரண்ட் போனால் ஃபைல் கெடும். லைட் மாடலையே எடுக்கலாம் என்று நான் சொல்வது ஒரே நிலையில்தான்: உங்கள் போர்டில் எம்.2 ஹீட்சிங்க் இல்லை, அந்த லைட் டிரைவின் தகடு பெரும்பாலும் உலோகம், உள்ளே டிஎல்சி, ஸ்லாட் கார்டுக்கு மேலே இருக்கிறது. அப்போது அந்த 1,800-இல் பாதி நல்ல ஹீட்சிங்க்குக்குத்தான் போகிறது.

எது எடுத்தாலும் மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். போர்டின் ஹீட்சிங்க்குக்குக் கீழே ஒட்டியிருக்கும் தெர்மல் பேடின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும், நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரிக்க வேண்டும். அதை உரிக்காமல் திருகினால் டிரைவுக்கும் தகடுக்கும் நடுவே போர்வை போர்த்தியது போல் ஆகிவிடும். திருகை இறுக்கி முடித்து மூடி, ஒரு வாரம் கழித்து "சூடாகிறது" என்று கேட்பவர்களில் பலரின் கேபினெட்டைத் திறந்தால் அந்தத் தாள் அங்கேயே இருக்கும். போர்டு மாடலையும் கடைக்காரர் காட்டிய டிரைவின் முழுப் பெயரையும் இங்கே போடுங்கள், எந்த ஸ்லாட்டில் போட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.